என்ஜின் மூடி ஃபோமும் அந்தப் பாழாய்ப்போன பசையும்

என்ஜின் மூடியின் அடியில் சத்தத்தை அடக்க ஒட்டிய, இப்போது நைந்துபோன ஃபோமை உரிக்காமல், அதன் மேலேயே புது ஷீட்டை ஒட்டிவிடலாமா என்று சிங்கப்பூரில் சாங்கி பக்கம் படகு வைத்திருக்கும் நண்பர் கேட்டார். ஒட்டலாம். கொஞ்ச நாளில் பழசும் புதுசும் சேர்ந்தே என்ஜின் மேல் விழும். நைந்த ஃபோமுக்குத் தன் எடையைத் தாங்கவே தெம்பு கிடையாது.

ஓடிய காலத்தில் அது நன்றாகத்தான் உழைத்தது. படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டு டீசல் என்ஜின் ஓடும்போதும் கத்தாமல் பேச முடிந்தது. ஆனால் அந்த ஃபோமில் உள்ள பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதேனுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது, உள்ளிருந்தே சிதையும். ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும் சிங்கப்பூரில், என்ஜின் அறைச் சூட்டில், கேட்கவே வேண்டாம். வெளியே வெள்ளிப் படலம் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே கருப்புக் களி. உதிரும் துகள், படகின் அடிக்குழியில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் வடிகட்டியை அடைக்கும், தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்சைச் சிக்கவைக்கும். எண்ணெய் குடித்த ஃபோம் தீப்பிடிக்கவும் தோதானது.

உரிக்கும்முன் பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். என்ஜின், ஆல்டர்னேட்டர் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, காற்று உள்ளிழுக்கும் வாயைத் துணியால் அடையுங்கள். அந்தத் துணியை எடுக்கும்வரை சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். முகமூடி, கண்ணாடி, நைட்ரைல் கையுறை கட்டாயம். ஃபோமை மட்டும் அகலமான பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் வழிப்பது எளிது, பாளம் பாளமாக வரும். உடனுக்குடன் பையில் போடுங்கள். பில்ஜில் விழுந்தால் பொறுக்கி மாளாது.

அதற்குப் பிறகுதான் தலைவலி. ஃபோம் போனாலும் கான்டாக்ட் பசை போகாது. வெயில் ஏறினால் ஜவ்வாக இழுக்கும், மீந்த ஃபோமைப் பிடித்துக்கொண்டு மூடி முழுக்க ஈஷும். அதனால் காலையிலேயே, மூடி குளிர்ந்திருக்கும்போது சுரண்டுங்கள். டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டச் சொல்வார்கள். வேண்டாம்: உரசும் சூட்டில் பசை உருகிப் பரவும், மூடியின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டும் கீறும். பிளேடை அதிரவைத்துச் சுரண்டும் மின்கருவியான மல்டி டூலில் வளையாத ஸ்க்ரேப்பர் பிளேடு மாட்டி, கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினால் பெரும்பகுதி வந்துவிடும்.

மிச்சத்துக்கு மினரல் டர்பன்டைனோ சிட்ரஸ் வகை பசைநீக்கியோ போதும். துணியை நனைத்துப் பசை மேல் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு வழியுங்கள். முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோன் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும். மைனஸ் 20 டிகிரியளவிலேயே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும் என்பதால் மூடிய அறைக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். டர்பன்டைனும் எரியக்கூடியதுதான், காற்றோட்டம் வேண்டும். பெட்ரோல் என்ஜின் என்றால் ஆவி போகும்வரை காற்றாடவிடாமல் மல்டி டூலோ சாதாரண வேக்குவமோ தொடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள குப்பையைச் சாதாரணத் தொட்டியில் போடாமல் மரினா அலுவலகத்தில் கேட்டுக் கொடுங்கள்.

புது ஷீட் வாங்கும்போது "பாலியெஸ்டரா, பாலிஈதரா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஈரத்துக்குப் பாலிஈதர் வகைப் பாலியூரிதேன் எவ்வளவோ மேல். நடுவே கனமான வினைல் தடுப்பு இருந்தால் டீசலின் தாழ்ந்த உறுமலும் குறையும். ஏர்கான் குழாயில் சுற்றும் கருப்பு ரப்பர் ஃபோமும் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது, ஆனால் சத்தத்தை உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. வெட்டிய விளிம்பு எல்லாவற்றையும் அலுமினிய டேப்பால் மூடுங்கள்; எண்ணெய் நுழைவது அந்த வழியாகத்தான். எக்ஸாஸ்ட் அருகிலும் காற்றுத் துளைகள் மேலும் ஷீட் போடாதீர்கள்.

பின்பக்கம் ஒட்டும் பசையோடு வரும் ஷீட் மாட்டச் சுலபம், சத்தத்தை நன்றாக அடக்குகிறது, விலையும் தேவலை. ஆனாலும் வாங்காதீர்கள். அதற்குப் பதில் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு, அகல வாஷர், முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்று. மூடிக்குள் இறங்கும் திருகின் நீளம் மூடியின் தடிமனைவிடக் குறைவாக இருக்கட்டும், துளைக்குள் எபாக்ஸி தடவுங்கள். ஷீட் கொஞ்சம் தொங்கும், மூலையில் லேசாக அதிரும். அதிரட்டும். அடுத்த முறை கழற்ற ஒரு திருப்புளி போதும்.