ஆட்டு மடிநோய்: தட்டில் வளர்த்துப் பார்ப்பதா, பிசிஆர் செய்வதா?

சென்ற ஈத்தில் எங்கள் தலைச்சேரி ஆடு ஒன்றின் இடப்பக்க மடி இறுகி, முதல் பீச்சலிலேயே பால் திரிதிரியாக வந்தபோது, எந்தப் பாக்டீரியா காரணம் என்று அறிய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாலைத் தட்டில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. மற்றது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர். நான் வளர்ப்புச் சோதனையைத் தேர்ந்தேன். இன்றும் அதன் பக்கமே சாய்கிறேன்.

கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது பாலிலுள்ள செல்களின் மிகுதியைக் காட்டுமே தவிர, கிருமியின் பெயரைச் சொல்லாது. தவிரவும், நோயில்லாத வெள்ளாட்டுப் பாலிலேயே, குறிப்பாகக் கறவை வற்றும் காலத்தில், செல்கள் கூடுதலாக இருக்கும்.

பிசிஆர் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதும், சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் வளராத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவையும் கண்டுபிடிக்கும் என்பதும் உண்மை. மந்தையில் பல ஆடுகளுக்குப் பால் குறைந்து, மூட்டு வீங்கி, கண்ணும் சிவந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அப்படியொரு நிலை எங்கள் கொட்டிலில் வந்ததில்லை என்பதால் இதற்குமேல் அனுபவமாக எதுவும் சொல்வதற்கில்லை.

எங்கள் பால் மாதிரி ரத்த அகார் தட்டில் (ரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் கூழ்) 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு இருந்தது. மறுநாள் பார்த்தபோது வெளிர்மஞ்சள் காலனிகளும், அவற்றைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த வளையங்களும் இருந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் நுரைத்ததால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை என்றானது. முயல் பிளாஸ்மா உறைந்ததும், மடியைக் கறுத்து அழுகச் செய்யவல்ல ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஆய்வகத்தில் முடிவு செய்தார்கள்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் இதற்கு அடுத்த கட்டம்தான். உயிருள்ள கிருமி கையில் இருப்பதால் அதே காலனியை வேறொரு தட்டில் பூசி, மருந்து வில்லைகளை வைத்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று நேரடியாகப் பார்க்க முடிகிறது. பென்சிலின் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்ததைக் கண்டு, மருத்துவர் மடிக்குள் செலுத்தவிருந்த மருந்தை மாற்றினார். பிசிஆரும் எதிர்ப்பு மரபணுவைக் காட்டும் என்றாலும், நாம் தேடச் சொன்ன மரபணுவை மட்டுமே காட்டும். இறந்த கிருமியின் எச்சத்தையும் சேர்த்தே எண்ணும். காம்புத் தோலின் அழுக்கு பாலில் கலந்திருந்தால், தட்டில் மூன்று நான்கு வகைக் காலனிகள் முளைத்து அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தச் சோதனையானாலும் மருந்து போடுவதற்கு முன்பே, காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, முதல் பீச்சல்களை விலக்கிவிட்டுப் பாலைப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆரியஸ் பாலில் விட்டுவிட்டே வெளிப்படும் என்பதால், தட்டில் ஒன்றும் வளரவில்லை என்ற ஒரு முடிவை மட்டும் நம்பி நான் ஆட்டை விடமாட்டேன். சில நாள் கழித்து இன்னொரு மாதிரி அனுப்பி, அதிலும் வளரவில்லையென்றால்தான் பிசிஆருக்குப் பணம் கட்டுவேன்.