எட்டா பத்தா, போரோவா ரூஃபா: கையைக் கடிக்காத பைனாகுலர்கள்

பறவை பார்க்க பைனாகுலர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் தெரியும்?" என்றுதான். நிலா வரைக்கும் தெரியும். அது வெறுங்கண்ணுக்கே தெரிகிறதே! இலைகளுக்குள் தத்தித் திரியும் கதிர்க்குருவி அடுத்த கிளைக்குப் போவதற்குள் அதைப் பார்வைக்குள் பிடித்துவிட முடியுமா என்று கேட்பதே சரி. விலை குறைந்த பைனாகுலர்களை ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோலும் இதுதான். பெரிதாகக் காட்டுவதைவிடச் சீக்கிரமாகக் காட்டுவது முக்கியம்.

8×42 என்று எழுதியிருந்தால் முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பறவை நோக்குவோரிடையே ஓயாத வழக்கு 8×42-க்கும் 10×42-க்கும் நடுவில்தான். 40 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பறவையை எட்டு மடங்கு கண்ணாடி 5 மீட்டரில் இருப்பதுபோலக் காட்டும். பத்து மடங்கு 4 மீட்டரில் இருப்பதுபோல. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு மீட்டருக்காக நாம் விட்டுக்கொடுப்பதைப் பாருங்கள். சராசரி 8×42-இல் 1000 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும். 10×42-இல் 105 மீட்டர் போல. 20 மீட்டர் தூரத்து மரத்துக்கு இதைச் சுருக்கினால் 2.6 மீட்டர், 2.1 மீட்டர். வட்டத்தின் பரப்பாகக் கணக்குப் போட்டால் எட்டில் தெரியும் இலைப்பரப்பு பத்தில் தெரிவதைப்போல ஒன்றரை மடங்கு. குருவி எங்கே என்று தேடும்போது அது பெரிய சலுகை.

கைநடுக்கமும் பத்து மடங்கில் கூடவே பெரிதாகும். வெளிச்சமும் குறையும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். பத்தில் அது 4.2. நல்ல வெயிலில் கண்ணின் பாவை 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. விடியலிலும் அந்தியிலும் பாவை விரியும்போதுதான் எட்டு முந்திக்கொள்ளும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த நேரத்தில்தானே.

பத்து வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. திறந்த ஏரி, கடற்கரைச் சேறு, தொலைவில் மேயும் உள்ளான்கள், உயரத்தில் வட்டமிடும் கழுகு என்று பார்ப்பவருக்குப் பத்து கைகொடுக்கும். முழங்கையை ஊன்ற ஓர் இடம் இருந்தால் இன்னும் நல்லது. காடும் புதரும்தான் உங்கள் இடம் என்றால் எட்டு. எது என்று தெரியாவிட்டாலும் எட்டு. ஜூம் பைனாகுலர் பக்கம் போகவே வேண்டாம். பார்வைப் பரப்பு குறுகல், படம் மங்கல், பழுதாக நகரும் பாகங்களும் அதிகம்.

அளவில் 42, 32, 25 என்று மூன்று தரப்பு. 42 பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் இருக்கும். 8×32 நூறு, நூற்றைம்பது கிராம் குறையும். நாள் முழுக்க நடப்பவர் கழுத்துக்கு அது தெரியும். 8×25 சட்டைப் பைக்கு வசதி, ஆனால் அதன் ஒளிக்கற்றை 3 மில்லிமீட்டர்தான். கண் இம்மி விலகினாலும் படம் கறுத்துவிடும். முதல் பைனாகுலராக அதை வாங்கினால் பறவையைத் தேடுவதைவிடப் படத்தைத் தேடுவதே வேலையாகிவிடும்.

இனி பட்ஜெட்காரர்களின் உண்மையான சிக்கல்: போரோவா, ரூஃபா? தோள் அகன்று, கண் லென்ஸும் முன் லென்ஸும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கும் பழைய வடிவம் போரோ. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பிரிசம் அமைப்பு அது. பிரிசம் என்பது உள்ளே ஒளியைத் திருப்பி, தலைகீழாக விழும் படத்தை நேராக்கும் கண்ணாடிக் கட்டி. நேராக இரண்டு குழாய்களாக இருப்பது ரூஃப். பார்க்க லட்சணமானது ரூஃப்தான். ஆனால் மலிவு விலையில் அந்த லட்சணத்துக்குள் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரூஃப் பிரிசத்தின் கூரைமுனையில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. சேரும்போது அலைகள் ஒன்றுக்கொன்று இசையாமல் போவதால் கூர்மை குறைகிறது. அதைச் சரிசெய்யும் பேஸ் (phase) கோட்டிங் என்ற பூச்சை ஜெர்மனியின் ஸைஸ் (Zeiss) நிறுவனம் 1988-இல் கொண்டுவந்தது. இது போதாதென்று, பரவலாகப் பயன்படும் ரூஃப் வகையில் ஒரு முகம் ஒளியை முழுதாகத் திருப்பி அனுப்பாது. கண்ணாடிக்கு ரசம் பூசுவதுபோல அதற்கும் பூச்சு வேண்டும். அலுமினியம் மலிவு, வெள்ளி பரவாயில்லை, உலோகம் இல்லாத பல அடுக்குப் பூச்சான டைஎலெக்ட்ரிக் மேல். போரோவுக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. அதனால் அடிமட்ட விலையில் ஒரே காசுக்குப் போரோ கூடுதல் தெளிவாகக் காட்டும்.

போரோவின் குறை வேறு இடத்தில். ஃபோகஸ் சக்கரத்தைச் சுழற்றினால் கண் லென்ஸ்கள் ஒரு பாலத்தோடு முன்னும் பின்னும் நகரும். மலிவுச் சரக்கில் அந்தப் பாலம் ஆடும். கண்ணை அழுத்தினாலே ஃபோகஸ் மாறிவிடும். தூசியும் ஈரமும் புக அது திறந்த வாசல். ரூஃபில் ஃபோகஸ் உள்ளேயே நடப்பதால் நைட்ரஜன் அடைத்து நீர் புகாமல் மூடுவது எளிது.

உதாரணத்துக்கு நிகான் அகுலான் ஏ211 8×42, ஒரு போரோ. பார்வைப் பரப்பு 8 பாகை, தாராளம். ஆனால் 5 மீட்டருக்குள் வந்த பறவைக்கு ஃபோகஸ் ஆகாது, நீர் காப்பு இல்லை, கண் லென்ஸிலிருந்து 12 மில்லிமீட்டருக்குள் கண் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு இது போதாது. அவர்களுக்குக் குறைந்தது 15, 16 வேண்டும். செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42 ரூஃப்: பேஸ் கோட்டிங் உண்டு, நீர் காப்பு உண்டு, 2 மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், கண் தூரம் 17.5 மில்லிமீட்டர். படத்தின் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கும். பறவை நடுவில் இருக்கும்வரை அது உறுத்தாது. இன்னும் ஒரு படி ஏற முடிந்தால் வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42, டைஎலெக்ட்ரிக் பூச்சோடு. என் தீர்ப்பு கறாரானது: பேஸ் கோட்டிங் உள்ள ரூஃபுக்குக் காசு எட்டினால் ரூஃப், எட்டாவிட்டால் போரோ. இரண்டுக்கும் நடுவே பேஸ் கோட்டிங் இல்லாத ரூஃபில் போடும் பணம்தான் தண்டம்.

கையில் கிடைத்ததும் ஒரு சோதனை. ஒரு முழ நீளம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கிக் கண் லென்ஸைப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் பிரிசம் நல்ல கண்ணாடி. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாய்ச் சாம்பல் பூத்திருந்தால் சிக்கனக் கண்ணாடி. போரோவில் இது பளிச்சென்று தெரியும். முன் லென்ஸ் மாணிக்கம்போல் சிவந்து மின்னினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வாங்கியபின் பலர் தொடாமலே விடுவது இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வேறுபாட்டைச் சரிசெய்ய வலது கண் லென்ஸில் இருக்கும் டையாப்டர் வளையம். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் ஓர் இலையை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தால் மட்டும் அதே இலையை வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அதோடு சரி. மூக்குக்கண்ணாடி போட்டவர் ஐகப்பை (கண் லென்ஸைச் சுற்றியுள்ள விளிம்பை) இறக்கியும் மற்றவர் ஏற்றியும் வைக்க வேண்டும். பறவையைக் கண்டதும் பார்வையை அதிலேயே நிறுத்தி, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்தால் பறவை போய்விடும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

புதிய மலிவு ரூஃபா, பழைய நல்ல போரோவா என்று கேட்டால் நான் பழையதன் பக்கம் சாய்வேன், இரண்டு நிபந்தனைகளோடு. முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை தெரியக் கூடாது. தூரத்து மின்கம்பி இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது ஒன்றாகவே தெரிய வேண்டும். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, அரை நிமிடத்தில் கண் வலித்தாலோ குழாய்கள் கோணிவிட்டன என்று பொருள். அதைச் சரிசெய்யும் கூலி பைனாகுலரின் விலையைத் தாண்டிவிடும்.