'கிளப்புல மப்புல'வைக் கடைசியில் கேளுங்கள்: ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம்

2012இல் வந்த 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை இன்றைக்குக் கேட்கலாமா என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஆல்பத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டு எதுவோ, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கேட்டால் பாடிய ஆதியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அந்த முடிவு பாதிதான் சரியாக இருக்கும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆதி கோயம்புத்தூர்க்காரர், 1990இல் பிறந்தவர். நண்பர் ஜீவாவோடு சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 2011இல் ரேடியோ மிர்ச்சி நிகழ்ச்சி ஒன்றில் 'கிளப்புல மப்புல' பாடினார். அந்த வீடியோ யூடியூபில் பரவிய வேகம் தமிழில் அதுவரை ஒரு சுயாதீனப் பாட்டுக்குக் கிடைக்காதது. சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை, மைக் முன்னால் நின்று ஒரு பையன் மூச்சு விடாமல் பாடுகிறான், அவ்வளவுதான். மறுவருடமே திங்க் மியூசிக் என்ற இசை நிறுவனம் வழியாக ஆல்பம் வந்தது.

ராப் நமக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். 1994இல் ஏ. ஆர். ரகுமான் 'பேட்ட ராப்' கொடுத்துவிட்டார். மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்ரா குழுவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்து, இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டையே புதிதாகக் கேட்க வைத்தார்கள். ஆனால் முன்னது படத்துக்குள் இருந்தது, பின்னது கடல் கடந்து வந்தது. ஆதியின் பாட்டில் கேட்டது எங்கள் காலேஜ் பஸ்ஸில் கடைசி சீட்டில் கேட்கிற பேச்சு. கோவையில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம். நம்மூர்ப் பையனுங்க என்று தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஹாஸ்டலில் ஒருத்தியின் நோக்கியாவிலிருந்து இன்னொருத்தியின் நோக்கியாவுக்கு ப்ளூடூத்தில் போய், ஒரே ராத்திரியில் மாடி முழுக்கப் பரவியது. நடுவில் யாராவது போனை நகர்த்திவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

பாட்டு ஏன் அப்படிப் பிடித்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தலைப்பையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு சொல், இரண்டிலும் 'ப்பு'. உதடு மூடித் திறக்கிற இடம் சரியாகத் தாளத்தில் போய் விழுகிறது. தனியாக டிரம் வைக்கவே வேண்டாம், வாயே அடிக்கிறது. தமிழில் 'க்க', 'ட்ட', 'ப்ப' என்று இரட்டிப்பு வரும் இடமெல்லாம் இப்படி ஒரு தட்டு கிடைக்கும். தெருக்கூத்திலும் கானாவிலும் காலங்காலமாக இதைச் செய்துவருகிறார்கள். ஆதி இதை ராப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஐந்து வருடம் கழித்து ஜல்லிக்கட்டுக்காக அவர் போட்ட 'டக்கரு டக்கரு'விலும் இதே வித்தைதான். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது அது எல்லார் வாயிலும் இருந்ததற்குப் பாட்டின் கருத்து ஒரு காரணம் என்றால், அந்த 'க்க' இன்னொரு காரணம் என்பேன். பாடத் தெரியாதவர்களும் கத்தலாம். கத்தினாலே தாளம் வந்துவிடும்.

சரி, இப்போது வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். 'கிளப்புல மப்புல' ஒரு கண்டிப்புப் பாட்டு. குடிக்கிற பெண், கிளப்புக்குப் போகிற பெண், உடையில் ஊரை மறந்த பெண் என்று பெண்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறது. பக்கத்திலேயே குடித்துக்கொண்டிருக்கும் பையன்களிடம் அந்தக் கேள்வி அதே சத்தத்தில் போகவில்லை. ஹாஸ்டலில் முதல் வாரம் முழுக்க ஆடித் தீர்த்தோம். அப்புறம் காலேஜ் பஸ்ஸில் ஸ்லீவ்லெஸ் போட்டு வந்த தோழியைப் பார்த்துப் பின்சீட்டுப் பையன்கள் அதையே கோரஸாகப் பாடினார்கள். அவள் அன்றிலிருந்து துப்பட்டாவைப் பின் போட்டுக் குத்திக்கொண்டு வந்தாள். பாடியவர்கள் செய்ததற்குப் பாட்டு எழுதியவர் பொறுப்பில்லை என்று வாதாடலாம். ஆனால் பிறரைக் குத்துவதற்கு இவ்வளவு வாகான வரிகளை அவர் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதும் உண்மை. இன்று கேட்டாலும் தாளம் காலைத் தூக்க வைக்கிறது, வரி மனசைக் கீழே இழுக்கிறது.

அதனால்தான் ஆல்பத்தை 'கற்போம் கற்பிப்போம்' பாட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். இதிலும் அறிவுரைதான். ஆனால் விரல் யாரையும் சுட்டவில்லை. படித்தவன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடு என்பதை, தானும் வரிசையில் நிற்கிற ஒருவனாகச் சொல்கிறார். இருபத்தொரு, இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாச் சொற்பொழிவாக ஆக்காமல் பாட்டாக்கியது பெரிய விஷயம். 'இறைவா' அதற்கு அடுத்து. மேலே இருப்பவரோடு நேராகப் பேசுகிற பாட்டு, குரலில் உண்மையான ஏக்கம் இருக்கிறது. 'செந்தமிழ்ப் பெண்ணே' மெட்டுக்காகக் கேட்கலாம். தமிழ்ப் பெண்ணைப் புகழ்கிறேன் என்று ஒரே அச்சில் வார்த்துவிடுகிற பழக்கம் அதிலும் உண்டு, ஆனால் திட்டு இல்லை. ஆல்பத்தின் ஒலிப்பதிவில் பல இடங்களில் சின்ன அறையின் வாசனை அடிக்கிறது, கீபோர்டு சத்தம் மலிவாக ஒலிக்கிறது. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. மற்றப் பாட்டுகளை ஒருமுறை கேட்டுவிட்டு நகரலாம்.

இதற்குப் பின் வந்த வளர்ச்சியைச் சொல்லாமல் ஆல்பத்தை எடைபோட முடியாது. 2013இல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்' படத்தில் ஆதியின் குரல் வந்தது. 2015 பொங்கலுக்கு சுந்தர் சி இயக்கிய 'ஆம்பள' படத்தில் இசையமைப்பாளர். அதே வருடம் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்'. ராப் பாடுகிற பையன் பின்னணி இசை போடுவானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் எல்லாம் 'தனி ஒருவன்' பார்த்துவிட்டு அமைதியானார்கள். அதில் 'தீமைதான் வெல்லும்' என்று வில்லனுக்கு ஒரு பாட்டு, நடுநடுவே அரவிந்த்சாமியின் குரல். கெட்டவன் பக்கம் நின்று எழுத வேண்டி வந்ததும் ஆதியின் பேனாவிலிருந்து உபதேசம் கழன்றுபோய், வெறும் மிடுக்கு மட்டும் நின்றது. ராப்புக்கு வேண்டியது அதுதான்.

அதே படத்தின் 'காதல் கிரிக்கெட்' பற்றி எனக்குப் பேசித் தீராது. ஒரு பெண் தன் காதலைத் தானே சொல்கிறாள். கிரிக்கெட் பாஷையில், விளையாட்டாக, யாருடைய அனுமதியும் கேட்காமல். கரிஷ்மா ரவிச்சந்திரனின் குரலில் ஒரு சின்னக் குறும்பு இருக்கும், ஒவ்வொரு வரி முடிவிலும் சிரிப்பை அடக்கிக்கொள்கிற மாதிரி. பெண்ணை வெளியே நின்று எடைபோட்டவர், நான்கே வருடத்தில் அவளுக்குள்ளே போய் உட்கார்ந்து மெட்டுப் போட்டிருக்கிறார். 'கிளப்புல மப்புல'வையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஆள் செய்தது என்று நம்பச் சிரமப்படுவீர்கள்.

நடிப்புப் பக்கம் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. 2017இல் தானே இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு' அவருடைய சொந்தக் கதை. முன்பு தனிப்பாடலாக வந்த 'வாடி புள்ள வாடி' அதில் மறுபடியும் வந்து இன்னொரு சுற்று ஓடியது. காலேஜ் பையன்கள் கொண்டாடினார்கள், நானும் ரசித்தேன். 'நட்பே துணை' பரவாயில்லை. அதன்பின் வந்த சிலவற்றில் நடிப்பு, இசை என்று எல்லாச் சுமையையும் ஒருவரே தூக்கி, ஒன்றும் முழுசாக இறங்காமல் போனதாகவே படுகிறது. 2019இல் யூடியூபில் வந்த 'தமிழி' ஆவணத் தொடரை மட்டும் தவறவிடாதீர்கள். தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடிப் பாறைக் கல்வெட்டுகள் வரை போகிற தொடர். அங்கே அவர் சத்தம் போடவே இல்லை, அறிஞர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொள்கிறார். தமிழ், தமிழ் என்று பாட்டில் முழங்கியதைவிட இது ஆழமாக இறங்கியது.

2024இல் 'பி.டி. சார்'. பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு மாணவிக்காக நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியர் வேடம். அவள் என்ன உடை போட்டிருந்தாள் என்று ஊர் கேட்கிற கேள்வியை எதிர்த்து நிற்கிற படம். சினிமாவாக அதில் இழுவை நிறைய. ஆனால் தியேட்டரில் அந்தக் காட்சிகள் ஓடும்போது எனக்குத் துப்பட்டாவைக் குத்திக்கொண்ட தோழிதான் ஞாபகம் வந்தாள். படம் முடிந்து வெளியே வந்ததும் அவளுக்கு போன் போட்டேன். பார்க்கிறேன் என்றாள், அடுத்த வாரம் பார்த்தும் விட்டாள். "பாட்டு எழுதின வயசுல யாராவது இந்தப் படத்தை அவருக்குக் காட்டியிருக்கணும்டி" என்றாள்.

சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப் இப்போது வெகுதூரம் வந்துவிட்டது. 2021இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யில் உழைத்த மண்ணும் அதை இழந்த வலியும் பாட்டாக வந்தன. அந்த அளவு அடர்த்தியான எழுத்து 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தில் கிடையாது. ஆனால் படம் இல்லாமலும் ஒரு பாட்டு தமிழில் ஓடும் என்று கம்பெனிகளுக்குக் காட்டிக் கொடுத்தது இந்த ஆல்பம். அதற்கான மரியாதையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கேட்கும் வரிசை இப்படி: 'கற்போம் கற்பிப்போம்', 'இறைவா', 'செந்தமிழ்ப் பெண்ணே'. அப்புறம் ஆல்பத்தை விட்டு வெளியே வந்து 'தீமைதான் வெல்லும்', 'காதல் கிரிக்கெட்', 'டக்கரு டக்கரு'. எல்லாம் முடிந்த பிறகு 'கிளப்புல மப்புல'. ஹெட்ஃபோனில் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். வீட்டில் டீன் ஏஜ் பையன் இருந்தால் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, அந்த வரிகளைப் பற்றி அவனிடம் பேசுங்கள்.