மூடினாலும் தூங்காத ஒரு கிலோ

போன வாரம் என் லேப்டாப்புக்கு பேட்டரி மாற்றினேன். அதே வாரம் பார்த்து சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, உங்களோடது மாதிரி வெயிட்டே இல்லாத லேப்டாப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நாலு வருஷமா வச்சிருக்கீங்களே, எப்படி?" கேட்ட நேரம் சரியில்லை. பேட்டரி பில் இன்னும் கைப்பையில்தான் கிடந்தது. "வேண்டாம்டா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், நாலு வருஷம் என் தோளைக் காப்பாற்றிய ஒரு பொருளுக்கு அது நியாயமான பதில் இல்லை என்று பட்டது. ஆனால் கோபமும் இன்னும் அடங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. என் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதும் கிடையாது. 2021-ல் வாங்கியது, 13 அங்குலத் திரை, 16 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்ளும் நினைவகம்), மெக்னீசியக் கலவை உடம்பு. மற்ற விவரமெல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். பெட்டியில் 990 கிராம் என்று போட்டிருந்தது. நம்பாமல் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 1,012 காட்டியது. சரி, தராசுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் சார்ஜரையும் அதன் ஒயரையும் வைத்தபோது 310 கிராம் வந்தது. அதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்குத் தணிக்கை வேலைக்குப் போகிறவள். வாரத்தில் மூன்று நாள் வேறு வேறு அலுவலகங்கள், யாரோ ஒதுக்கிக் கொடுக்கிற மேஜை, ஒரு காலாடும் நாற்காலி. இதற்கு முன்னால் இருந்தது 2.3 கிலோ. சார்ஜரோடு சேர்த்தால் மூன்று கிலோவை எட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றினால் இடது தோளில் பட்டை போட்ட மாதிரி சிவந்திருக்கும். புதியதை எடுத்துக்கொண்டு கிளம்பிய முதல் வாரம் இரண்டு முறை பாதி வழியில் நின்று பையைத் திறந்து பார்த்தேன், மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேனோ என்று. உள்ளேதான் இருந்தது.

எடை குறைந்தால் தோள் வலி குறையும் என்பது தெரிந்ததுதானே. நான் எதிர்பார்க்காதது வேறு. 'இன்றைக்கு எடுத்துக்கொண்டு போகணுமா' என்கிற கேள்வியே போய்விட்டது. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகிற நாள், வண்டி சர்வீஸுக்கு விட்டுக் காத்திருக்கிற நாள், எல்லா நாளும் அது பையில் இருந்தது. அப்படிக் காத்திருந்த ஒரு மத்தியான நேரத்தில் மடியில் வைத்தே ஒரு முழு அறிக்கையை முடித்து அனுப்பியிருக்கிறேன். 2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டியபோது அதன் எடை 1.36 கிலோ. அன்றைக்கு அதுவே அதிசயம். இன்றைக்கு அதைவிட 350 கிராம் குறைவாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அதிசயம் என்ற நினைப்பே இல்லாமல் அலைகிறோம்.

ஆனால் எப்போதும் பையில் இருக்கிற பொருள் பைக்குள் ஒழுங்காக இருக்க வேண்டும். என் லேப்டாப்புக்கு அது மட்டும் வரவில்லை.

வாங்கி இரண்டு மாதம் இருக்கும். ரயிலில் தண்ணீர் பாட்டிலை எடுக்க பைக்குள் கை விட்டேன். புறங்கையில் சுரீர் என்றது. இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த துணிக்குள் கை வைத்த மாதிரி சூடு. காதைக் கிட்டே கொண்டுபோனால், மூடிய லேப்டாப்புக்குள் மின்விசிறி ஹோவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்துத் திறந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 96 சதவீதம் இருந்த பேட்டரி 34-ல் நின்றது. இரண்டு மணி நேரம் மூடியபடியே பைக்குள் உட்கார்ந்து, எனக்காக என்ன வேலை பார்த்ததோ தெரியாது.

ஒரு தடவையோடு போயிருந்தால் மறந்திருப்பேன். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நடந்தது. எந்த நாளில் நடக்கும் என்று சொல்லவும் முடியாது. நாலு நாள் சமர்த்தாக இருக்கும், ஐந்தாவது நாள் அடுப்பாகிவிடும்.

காரணத்தைத் தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய லேப்டாப்புகளில் மூடினால் எஸ்3 என்கிற உறக்கம். ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், பிராசசர் உட்பட மற்றதெல்லாம் அணைந்துவிடும். கும்பகர்ணத் தூக்கம். இப்போது வருகிற விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது வேறு பெயரில் தலை காட்டியது. செல்போன் மாதிரி, திரை அணைந்திருந்தாலும் உள்ளே அரை விழிப்பு. மெயில் வந்தால் எடுத்துக்கொள்ளும், அப்டேட் வந்தால் இறக்கிக்கொள்ளும், திறந்த நொடியில் தயாராக நிற்கும். நம் வழக்கில் சொன்னால் கோழித் தூக்கம். யாராவது லேசாக அசைந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஏதோ ஒரு டிரைவரோ (உள்ளே இருக்கிற பாகங்களை இயக்கும் மென்பொருள்) புரோகிராமோ திரும்பத் தூங்க விடாமல் பிடித்துக்கொண்டால், பிராசசர் முழு மூச்சில் ஓடும். பைக்குள் காற்றுக்கு எங்கே போவது?

செல்போனில் இது சரியாக நடக்கிறதே என்று கேட்கலாம். செல்போனை முதலிலிருந்தே அப்படித்தான் வடிவமைத்தார்கள். லேப்டாப்பில் பிராசசர் ஒருவருடையது, வைஃபை சிப் இன்னொருவருடையது, டிரைவர் எழுதியவர் மூன்றாமவர். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் தூக்கம் வரும். கூட்டுக் குடும்பத்தில் பகல் தூக்கம் போடுகிற மாதிரி.

விண்டோஸில் ஸ்லீப் ஸ்டடி என்று ஓர் அறிக்கை எடுக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு முறை மூடியபோதும் எவ்வளவு மின்சாரம் செலவானது, யார் தூங்க விடவில்லை என்பதையெல்லாம் நிறம் போட்டுக் காட்டும். கணக்குப் பார்க்கிற ஆள் என்பதால் எனக்கு அது தின்பண்டம். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒருநாள் வைஃபை, ஒருநாள் அப்டேட், ஒருநாள் சவுண்ட் டிரைவர். குற்றவாளி மாறிக்கொண்டே இருந்தான். என் அறிக்கைகளில் ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் கண்ணில் பட்டது. சிவப்பு விழுந்த நாட்களில் பெரும்பாலும் நான் லேப்டாப்பை மூடிவிட்டு அப்புறம் சார்ஜரைப் பிடுங்கியிருந்தேன். அன்றிலிருந்து முதலில் சார்ஜர், அப்புறம் மூடி. பாதிக்குப் பாதி குறைந்தது. இதையெல்லாம் நான் ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் கோபமே.

முழுசாகத் தீர்த்தது ஹைபர்னேட். ராமில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டியில், அதாவது கோப்புகளைச் சேமிக்கும் இடத்தில், எழுதிவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். மூடினால் இதைச் செய் என்று பவர் அமைப்புகளில் மாற்றி வைத்தேன். அதற்கப்புறம் பைக்குள் சூடு இல்லை. ஆனால் திறந்தால் எழுந்திருக்க இருபது நொடி ஆகிறது. இருபது நொடி பெரிய விஷயமா என்று கேட்டால், அலுவலகத்தில் ஒருவர் எதிரே நின்று வவுச்சரை நீட்டிக்கொண்டிருக்கும்போது பெரிய விஷயம்தான். 'திறந்த நொடியில் வேலை' என்று சொல்லித்தானே இந்த அரைத் தூக்கத்தையே நம் தலையில் கட்டினார்கள். போதாக்குறைக்கு, ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு என் அமைப்பு பழையபடி மாறிக் கிடந்தது. அதைச் சொன்னது மறுபடியும் சூடான பைதான்.

பழைய எஸ்3 உறக்கத்தைச் சில மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் மீட்டுக்கொள்ளலாம். என்னுடையதில் அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள்.

இப்போது பேட்டரி கதைக்கு வருகிறேன். இரண்டு மாதமாக டச்பேடின் இடது பக்கம் அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. தூசி போயிருக்கும் என்று ஊதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேஜையில் வைத்துத் தட்டச்சு செய்யும்போது லேப்டாப் லேசாகத் தொட்டில் மாதிரி ஆடியது. திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தேன். நடுவில் ஸ்கேல் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தது. பேட்டரி உப்பிவிட்டது. அப்படியே அணைத்து வைத்துவிட்டு மறுநாள் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். உப்பிய பேட்டரியோடு ஒருநாள்கூட ஓட்டக்கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

கடைக்காரர் திறந்து காட்டினார். உடம்பில் பாதி பேட்டரிதான், தலையணை மாதிரி புடைத்திருந்தது. "எப்பவும் சார்ஜ்லயே போட்டு வச்சிருப்பீங்களாம்மா?" என்றார். ஆமாம், அலுவலகத்தில் இருக்கிற நாளெல்லாம் அப்படித்தான். லித்தியம் பேட்டரிக்கு நூறு சதவீதத்திலேயே நிற்பதும் ஆகாது, சூடும் ஆகாது, இரண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். உள்ளே இருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகும், அதுதான் அந்த உப்பல். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி என் லேப்டாப்பிலேயே இருந்திருக்கிறது, நான் திறந்து பார்க்கவில்லை. ஆகவே பழியில் என் பங்கும் உண்டு. எவ்வளவு என்பதில் எனக்கும் லேப்டாப்புக்கும் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பைக்குள் வைத்து வேகவைக்கவில்லை என்பது என் தரப்பு வாதம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்டரி ஸ்குரூ போட்டுத்தான் மாட்டியிருந்தது. இருபது நிமிஷத்தில் மாற்றிவிட்டார். எஸ்எஸ்டியையும் மாற்றலாமாம். ராம் மட்டும் போர்டோடு பற்றவைத்தது. வாங்கும்போது 8 ஜிபி எடுக்க இருந்தேன், கடைசி நேரத்தில் 16 எடுத்தேன். இந்த லேப்டாப் விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

மற்றதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரை நன்று. கீபோர்டு ஆழமில்லை, பழகிவிட்டது. மெக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு லேசு, தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், மூலையைப் பிடித்துத் தூக்கினால் லேசாக வளையும். பயப்படத் தேவையில்லை, நாலு வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை. பெரிய வீடியோ வேலை கொடுத்தால் சில நிமிஷத்தில் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு வாங்குகிற பொருள் இது இல்லை.

சரி, தம்பிக்கு வருகிறேன். அவனிடம் இருப்பது 2017 மாடல், 7ஆம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் பட்டியலில் அவன் பிராசசர் இல்லை. அதனால்தான் இந்த அவசரம். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டே கால் கிலோ லேப்டாப் மூடினால் தூங்குகிறது. வெள்ளிக்கிழமை மூடினால் திங்கட்கிழமை அதே இடத்தில் ஏறக்குறைய அதே சார்ஜோடு எழுந்திருக்கிறது. மாற்ற வேண்டிய நல்ல குணமா அது?

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் வைத்திருக்கிறார். 1.29 கிலோ, என்னுடையதைவிடக் கனம். மின்விசிறியே கிடையாது. அவர் மூடுகிறார், பையில் போடுகிறார், போய்விடுகிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு வருவது பொறாமைதான், வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. எங்கள் தணிக்கை மென்பொருள் அதில் ஓடாது என்பதால் அந்தப் பக்கம் போக வழியில்லை.

தம்பி, எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் ஒரு காரியம் செய். ராத்திரி முழு சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி, மூடி, பைக்குள் வைத்துவிட்டுப் படு. காலையில் எடுத்துப் பார். நாலைந்து சதவீதம் போயிருந்தால் பரவாயில்லை. இருபது போயிருந்தால் திருப்பிக் கொடு. ஒரே ராத்திரியோடு விடாதே, ஒரு வாரம் பார். என்னுடையதும் முதல் இரண்டு மாதம் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது.

புது பேட்டரி போட்ட பிறகு எட்டு மணி நேரம் வருகிறது. இதை எழுதுவதும் அதில்தான். நான் திரும்ப 2.3 கிலோவைத் தூக்குவேனா என்றால் மாட்டேன். வாங்கலாமா என்று கேட்டால், இந்த வாரத்துப் பதில் வேண்டாம்தான்.

இவ்வளவையும் எழுதி முடித்து அனுப்பலாம் என்றிருந்தபோது நேற்று ராத்திரி அவனே கூப்பிட்டான். ஆர்டர் போட்டுவிட்டானாம். "அக்கா, 970 கிராம்தான்!" என்றான். சார்ஜர் எவ்வளவு என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்.