18,500 ரூபாய் போச்சு: பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

ரிப்பேர் என்ற பெயரில் ஒரு பட்டறையில் ஏமாந்திருக்கிறேன் என்று நேற்று ராத்திரிதான் முழுசாகத் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது அப்பச்சி காலத்துப் பெட்ரோல் ஜீப். பின்னால் பிக்கப் தொட்டி கட்டியிருக்கிறோம். ஆத்தங்குடியில் இருந்து தரைக்கல் ஏற்றிப் போவதுதான் அதன் வேலை. ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் கானாடுகாத்தானுக்கு லோடு. கோட்டையூர் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே டப் டப்பென்று வெடி. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஏர் ஃபில்டர் ஓரம் கருகியிருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வழியாகத் தீ திரும்பி வந்திருக்கிறது. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

காரைக்குடியில் ஒரு நாலுசக்கர வண்டிப் பட்டறை. பெயரை இங்கே போடவில்லை. அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தடவிக்கொண்டே, "அண்ணே, இந்த மாதிரி வண்டியிலதான் நான் தொழிலே பழகினேன். உங்க அப்பச்சி வண்டிய நான் பாத்துக்கிறேன், நீங்க போயி லோடைப் பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அப்பச்சி போன பிறகு அந்த வண்டியை அப்படித் தொட்டுப் பேசியவர் யாருமில்லை. சாவியையும் 10,000 ரூபாய் முன்பணத்தையும் கொடுத்தேன். என்னென்ன மாற்றப்போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

முதலில் கார்புரேட்டர் போய்விட்டது, புதுசு 9,500 என்றார். ஓட்டிப் பார்த்தேன், அதே வெடி. அப்புறம் சைலன்சர் அடைப்பு என்று 4,000. டேப்பெட் (வால்வு இடைவெளி), டைமிங் (பொறி விழும் நேரம்) சரிசெய்ய என்று 3,000. கூலி 2,000. மொத்தம் 18,500 ரூபாய். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் தூறல். மறுபடி டப்!

போன் செய்தேன். "நாளைக்குக் காலையில வாங்கண்ணே." காலையில் போனால் அவர் தேவகோட்டை போயிருக்கிறார், பையனுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாள் பெட்ரோலில் தண்ணீர் என்று பழி பங்க் மேல் போனது. கடைசியாக நேரில் பிடித்தபோது, "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே, வித்துருங்க. வேணும்னா ஆள் சொல்றேன்" என்கிறார்! பில் கேட்டால் சிரிப்பு. கழற்றிய கார்புரேட்டரைக் கேட்டால், "அது அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சே." இப்போது என் போனை எடுப்பதே இல்லை.

நேற்று சாயந்திரம் தேவகோட்டையில் வயசான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "மழைக்கு அப்புறந்தானே ஆரம்பிச்சுச்சு?" இந்த ஒரு கேள்வியை அந்தப் பட்டறையில் யாரும் கேட்கவில்லை. இருட்டும்வரை உட்காரவைத்தார். விளக்கை அணைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்க்கச் சொன்னார். மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல், அதன்மேல் நீலமாகப் பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த என்ஜினில் நாலு சிலிண்டரும் எரியும் வரிசை 1-3-4-2. மூடியில் ஒயர்களும் அதே வரிசையில்தான் நிற்கும். ஒன்றாம் சிலிண்டருக்குப் போகவேண்டிய பொறி விரிசல் வழியாகப் பக்கத்தில் இருக்கும் மூன்றுக்குத் தாவியிருக்கிறது. அந்த நேரத்தில் மூன்றில் பெட்ரோல் கலவையை உள்ளிழுக்கும் வால்வு சரியாக மூடியிருக்காது. அதனால்தான் தீ கார்புரேட்டர் வழியாக வெளியே வந்தது. ஈரம் பட்டால் விரிசலில் பொறி இன்னும் சுலபமாக ஓடுமாம்.

புது மூடி, கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். வண்டி இப்போது ஜம்மென்று ஓடுகிறது. 850-க்கு முடிய வேண்டியதற்கு 18,500 ரூபாய்! எனக்கு அது ஒரு மாச லோடுக் காசு.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். கார்புரேட்டரில் வெடிக்கிறதா, சைலன்சரில் வெடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் வேறு. கார்புரேட்டர் என்றால் பிளக் ஒயர் வரிசை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங், மேனிஃபோல்டு (கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாய்) பேக்கிங்கில் காற்றுக் கசிவு, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க விடுங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது அதன் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கழற்றிய சாமானை அங்கேயே கையில் வாங்கிவிடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் பழைய கார்புரேட்டர் குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. அடிப்பட்டையில் அப்பச்சி அரத்தால் போட்ட மூன்று கோடு இருக்கும். பழைய சாமான் கடையில் யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.