ஜிம்ப்ராவிலிருந்து மெயில்கவ்: ஜார்ஜ் டவுன் அலுவலகம் ஒன்றின் மெயில் சர்வர் அனுபவம்

கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும் ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகம் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம். மணலியிலும் எண்ணூர்ப் பக்கமும் யார்டு அலுவலகங்கள். எல்லாம் சேர்த்து நூற்றைம்பது சொச்சம் மெயில் ஐடிகள். பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் என்று இந்தத் தொழிலில் எல்லாமே மெயிலில்தான் வரும், மெயிலில்தான் போகும். அரை நாள் மெயில் நின்றால் கன்டெய்னர் யார்டிலேயே நிற்கும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும், போன் முதலில் எனக்குத்தான் வரும்.

வெகுகாலம் ஜிம்ப்ரா என்ற மெயில் சர்வர் மென்பொருளின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பில் ஓட்டினோம். 2024ல் மெயில்கவ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறினோம். இரண்டையும் கட்டி மேய்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: மெயில்பெட்டிகளை இடம் மாற்றுவது சின்ன வேலை. அந்த சர்வரை நம்பி எது எதுவெல்லாம் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரமெல்லாம் போகிறது.

ஜிம்ப்ராவைக் குறை சொல்ல மனசு வராது. மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பயனர் பட்டியலுக்கு ஓப்பன்எல்டாப், தரவுக்கு மரியாடிபி, வரும் மெயிலைச் சோதிக்க அமாவிஸ், வைரஸுக்கு கிளாம்ஏவி, ஸ்பேமுக்கு ஸ்பேம்அசாசின் எல்லாம் ஒரே இன்ஸ்டாலரில் வந்து இறங்கிவிடும். 'ஜெட்எம்கன்ட்ரோல் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று வரிசையாகச் சொல்லும். வெப்மெயிலின் தேடலை இன்றும் எங்கள் ஆட்கள் நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அனுப்பியவர், தேதி, இணைப்பு உண்டா இல்லையா என்று கோத்துத் தேடி, அந்தத் தேடலையே ஒரு ஃபோல்டர் மாதிரி சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகப் போடுபவர்களுக்கு ஒரு விஷயம். ஜிம்ப்ராவில் ஒரு மெயிலின் அளவு வரம்பு, மாற்றாமல் விட்டால், 1,02,40,000 பைட், அதாவது சுமார் பத்து எம்பி. எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் ஒருநாள் வந்து நின்றார். "தம்பி, பத்து எம்பி போகும்னு நீங்கதானே சொன்னீங்க? இது எட்டு எம்பிதான், திரும்பி வருதே?" அவர் சொன்னதும் சரி, சர்வர் செய்ததும் சரி. இணைப்பு மெயிலில் ஏறும்போது பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும், மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். எட்டு எம்பி ஃபைல் பத்தரையைத் தாண்டிவிடும். வரம்பை ஏற்றுவது ஒரு வரி வேலை, ஆனால் எதிர்ப்பக்க சர்வரின் வரம்பு நம் கையில் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் 2022 மறக்க முடியாத வருடம். சிவிஇ-2022-41352 என்ற ஓட்டை வெளியானது. அமாவிஸ், இணைப்பாக வரும் ஆர்க்கைவ் ஃபைலைப் பிரித்துப் பார்க்க சிபிஐஓ என்ற பழைய நிரலைக் கூப்பிடும். அதற்கென்றே தயாரித்த ஒரு ஃபைலை மெயிலில் அனுப்பினால் போதும், யாரும் திறக்கக்கூட வேண்டாம், சர்வருக்குள் ஆள் நுழைந்துவிடலாம். தீர்வு, சிபிஐஓவுக்குப் பதிலாக 'பாக்ஸ்' என்ற சின்னப் பேக்கேஜை நிறுவி ஜிம்ப்ராவை ரீஸ்டார்ட் செய்வது. உபுண்டு லினக்ஸில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தது. சென்ட்ஓஎஸ்ஸில் நாமே போட வேண்டியிருந்தது. செய்தி வந்த அன்றே போட்டுவிட்டேன். ஆனால் சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால் இப்படிச் செய்தி வரும் நாளில் நாம் ஊரில் இருக்க வேண்டும் என்பது முதலாளிக்கும் அப்போதுதான் புரிந்தது.

மாற வேண்டும் என்று முடிவானதற்கு இரண்டு காரணம், இரண்டும் ஒரே மாதம். ஜிம்ப்ரா 9 முதல் ஓப்பன் சோர்ஸ் பதிப்புக்கு அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர் இல்லை. நாங்கள் இருந்த 8.8.15க்கு ஆதரவு 2023 டிசம்பர் 31ஓடு முடிந்தது. அதே டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வட சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த வாரத்தை விளக்க வேண்டியதில்லை. சர்வர் முதல் மாடியில் பத்திரமாக இருந்தது, ஆனால் ஜெனரேட்டர் இருந்த கீழ்த்தளத்தில் தண்ணீர். யூபிஎஸ் தன்னால் முடிந்தவரை இழுத்துவிட்டு அடங்கிவிட்டது.

மெயில் சர்வர் படுத்தால் வரவேண்டிய மெயில் தொலையாது, அனுப்பும் சர்வர் வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், எத்தனை நாள் என்பதில்தான் சூட்சுமம். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பு ஐந்து நாள். சொந்த இடத்தில் ஓடும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் இரண்டு நாள். அதன் கிளவுட் வடிவமான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் ஒரே நாள். வெளிநாட்டு ஷிப்பிங் ஏஜென்ட்டுகள் பலர் கடைசி வகை. கரன்ட் வந்து சர்வர் எழுந்தபோது உள்ளூர் மெயில்கள் கொட்டின. வெளிநாட்டு ஏஜென்ட்டுகளிடமிருந்து வரவேண்டியவை அதற்குள் அவர்களுக்கே திரும்பிப் போயிருந்தன. போன் போட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப அனுப்பச் சொன்னார்கள் நம் ஆட்கள். அத்தோடு, சர்வர் இனி இந்தக் கட்டடத்தில் வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டும் கிளவுட் சேவைகளையும் பார்த்தோம். யார்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு நாளைக்கு நாலு மெயில் பார்ப்பவர்கள். அவர்களுக்கும் அதே கட்டணமா என்று முதலாளி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கார்போனியோ என்ற இன்னொரு மெயில் சர்வர் மென்பொருளையும் சோதித்தேன், மோசமில்லை. கடைசியில் மெயில்கவ். போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்பெட்டிகளுக்கு டவ்காட், ஸ்பேம் வடிக்க ஆர்ஸ்பேம்டி, வெப்மெயிலுக்கு சோகோ எல்லாவற்றையும் டாக்கரில் (ஒவ்வொன்றையும் தனிப் பொட்டலமாக ஓட்டும் மென்பொருள்) அடுக்கித் தருகிறது. அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் சர்வர் வாடகைக்கு எடுத்தோம். வாடகைக்கு எடுப்பவர்கள் பணம் கட்டும் முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: சர்வர்களுக்கிடையே மெயில் போய்வரும் 25ஆம் போர்ட் திறந்திருக்குமா, பிடிஆர் ரெக்கார்டு (ஐபி எண்ணுக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) நம் பெயரில் வைத்துத் தருவார்களா, கொடுக்கப்போகும் ஐபி ஸ்பேம்ஹாஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா. நாங்கள் முதலில் பேசிய இடத்தில் மூன்றாவது கேள்விக்கே பேச்சு முடிந்துவிட்டது.

மெயில்களை நகர்த்தியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐமேப்சிங்க் என்ற கருவி. ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாக ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மெயிலை நகலெடுக்கும். ஜிம்ப்ரா பக்கம் ஒவ்வொருவர் பாஸ்வேர்டும் தேவையில்லை, அட்மின் ஐடியை வைத்தே எல்லாப் பெட்டிகளையும் படிக்கலாம். முப்பது நாளுக்கு முந்தைய மெயில்களை முதல் சுற்றில் இரவுகளில் ஓட்டினேன். மிச்சத்தைக் கடைசி வார இறுதியில். எத்தனை முறை ஓட்டினாலும் மெயில் இரட்டிப்பாகாது, ஹெடரைப் பார்த்து ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடும். எம்எக்ஸ் ரெக்கார்டின் (நம் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முன்கூட்டியே 86,400 நொடியிலிருந்து 300க்கு இறக்கி வைத்திருந்ததால் திசை மாறியதும் புது சர்வரில் மெயில் விழ ஆரம்பித்தது. காலண்டரும் கான்டாக்ட்டும் ஐமேப்பில் வராது, தனியாக எடுத்துப் போட வேண்டும். பாஸ்வேர்டுகளை வேண்டுமென்றே புதிதாகக் கொடுத்தேன். கம்பெனி பெயரோடு 123 சேர்த்து வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்புறம்தான் அசல் வேலை.

முதலில் பாப்3 ஆட்கள். மூத்தவர்கள் சிலர் அவுட்லுக்கில் பாப் வைத்து, சர்வரில் ஒரு மெயில்கூட விடாமல் தங்கள் கம்ப்யூட்டருக்கே இழுத்து வைத்திருந்தார்கள். சர்வரில் பார்த்தால் பெட்டி காலி, அவர் மேஜையில் 40 ஜிபிக்கு மேல் ஒரு பிஎஸ்டி ஃபைல். அவுட்லுக்கின் பிஎஸ்டி வரம்பு 50 ஜிபி, அதன் வாசலில் நின்றது அது. அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் அத்தனை வருட வியாபாரக் கடிதமும் போயிருக்கும். ஒவ்வொருவர் மேஜையிலும் உட்கார்ந்து வருடவாரியாகப் பிரித்து ஐமேப் வழியாக ஏற்றினோம்.

அடுத்தது ஸ்கேனர். மாறிய திங்கட்கிழமை காலை மணலி யார்டு சூப்பர்வைசரிடமிருந்து போன்: "சார், ஸ்கேன் ஆவுது, மெயில் மட்டும் போவ மாட்டேங்குது. வண்டி கேட்ல நிக்குது." அந்த மெஷினுக்குத் தெரிந்தது டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையின் பழைய 1.0 பதிப்பு மட்டும். மெயில்கவ் 1.2க்குக் கீழே பேசாது. ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினுக்காக எல்லோருடைய பூட்டையும் தளர்த்துவது நியாயமில்லை. யார்டு நெட்வொர்க்குக்குள் ஒரு குட்டிப் பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் வைத்தோம். ஸ்கேனர் அதனிடம் பழையபடி கொடுக்கும், அது வெளியே ஒழுங்கான டிஎல்எஸ்ஸில் அனுப்பும். டேலியிலிருந்து இன்வாய்ஸ் மெயில் போகும் கணினிகளில் அமைப்பை மாற்றினால் போதுமாக இருந்தது.

அதைவிடச் சுவாரசியம் டிமார்க் அறிக்கைகள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் எஸ்பிஎஃப் (நம் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) விஷயத்தில் கெடுபிடி காட்டத் தொடங்கியிருந்தன. டிமார்க்கை 'நன்' (எதையும் தடுக்காதே) நிலையில் வைத்து, பெறும் சர்வர்களிடமிருந்து வரும் அறிக்கைகளைப் படித்தேன். நம் டொமைன் பெயரில், நமக்குத் தெரியாத ஒரு ஐபியிலிருந்து தினமும் மெயில் போய்க்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரன் என்றுதான் நினைத்தோம். தேடிப்போனால் யார்டின் எடைமேடை சாஃப்ட்வேர். வாடிக்கையாளருக்கு எடைச்சீட்டை வெண்டாரின் சர்வரிலிருந்து நம் பெயரிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளச் சீட்டு அனுப்பும் சேவையும் அதே கதை. எல்லாவற்றையும் எஸ்பிஎஃப்பில் திணிக்க முடியாது, பத்து டிஎன்எஸ் தேடல்தான் அதற்கு வரம்பு. ஆகவே இந்த மாதிரிக் கருவிகளுக்குத் தனித் துணை டொமைன் கொடுத்துவிட்டேன்.

ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். சர்வர் அலுவலகத்துக்குள் இருந்தபோது பக்கத்து மேஜைக்கு 20 எம்பி அனுப்பினால் கண் சிமிட்டும் நேரம். இப்போது அது அம்பத்தூர் போய்த் திரும்பி வருகிறது. மாறிய முதல் வாரம் எல்லா அவுட்லுக்கும் ஒரே நேரத்தில் பழைய மெயிலை இறக்க ஆரம்பித்து லைனே திணறிவிட்டது. கடைசி ஒரு வருட மெயிலை மட்டும் இறக்கும்படி குறைத்து, துறைவாரியாகப் பிரித்து விட்டபின்தான் அடங்கியது. பிறகு இரண்டாவது இணைப்பு வாங்கினோம். கணக்குப் போடும்போது அந்தச் செலவையும் சேர்த்தே போடுங்கள்.

தினசரிப் பயன்பாட்டில் எனக்கு மெயில்கவ் பிடித்ததற்குக் காரணம் ஆர்ஸ்பேம்டி. ஒரு மெயில் ஏன் தடுக்கப்பட்டது என்று மதிப்பெண் வாரியாகக் காட்டும். தடுத்ததைப் பற்றிப் பயனருக்கே மெயில் போகும், அவரே விடுவித்துக்கொள்வார். "சார், என் மெயில் வரல" போன்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. சோகோ வெப்மெயில் ஜிம்ப்ரா அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

லாக் (சர்வரின் நடவடிக்கைப் பதிவு) விஷயத்தில் கவனம் தேவை. சர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மெயில்கவ் நிர்வாகத் திரை வைத்திருப்பது, மாற்றாமல் விட்டால், கடைசி 9,999 வரிகள். எங்கள் போக்குவரத்துக்கு அது சீக்கிரம் உருண்டு போய்விடும். லாக்கைத் தனி மெஷினுக்கு அனுப்பி வைக்கிறேன்.

ஆர்க்கைவும் அப்படித்தான், நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்சிங் விதிகள், 2018 பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. எங்கள் பேச்சுவார்த்தை முழுக்க மெயிலில் என்பதால், டொமைனுக்கே ஒரு பிசிசி விதி போட்டு ஒவ்வொரு மெயிலின் நகலும் பைலர் என்ற ஆர்க்கைவ் மென்பொருள் ஓடும் தனி சர்வருக்குப் போகும்படி செய்திருக்கிறேன். வேலையை விட்டுப் போனவர்களின் பழைய பெட்டிகளையும் அதற்குள் ஏற்றியாகிவிட்டது. டிமார்க் இப்போது 'குவாரன்டைன்' (தேறாததை ஒதுக்கி வை) நிலையில் நிற்கிறது. 'ரிஜெக்ட்'டுக்கு (தேறாததை ஏற்காதே) ஏற்ற வேண்டும், ஆனால் எடைமேடை வெண்டார் துணை டொமைனுக்கு மாற இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.