பெரியப்பாவின் கால்புண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும்

மன்னார்குடியை அடுத்த எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் மாதந்தோறும் வந்து, பெரியப்பாவின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு மாத்திரைகளைக் கொடுத்துச் செல்கிறார். சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண்ணுக்குக் காத்திருந்து பழகிய எனக்கு இது வியப்பாகவே இருந்தது. ஆனால், புண் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு.

பெரியப்பாவுக்கு வலக்கால் பெருவிரலின் அடியில் புண். வரப்பில் வெறுங்காலோடு நடந்தபோது எது குத்தியது என்று அவருக்கே தெரியாது. மரத்துப்போன காலில் வலி இல்லாததால், திண்ணையில் இரத்தக் கறையைக் கண்ட பிறகே வீட்டார் கவனித்தனர். முதலில் காட்டிய தனியார் மருத்துவமனையில் கட்டு மாற்றியதில் குறையில்லை. ஆனால் “தொடாதீங்க, நாளன்னிக்கு வாங்க” என்பதற்கு மேல் யாரும் அவரிடம் பேசவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்ற பேச்சு காதில் விழுந்ததிலிருந்து, அவர் காலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் முதலில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் ஆங்காங்கே தொட்டு, எங்கெல்லாம் உணர்வில்லை என்பதை அவரே அறியச் செய்தார். பிறகு, “கட்டை நீங்களே அவிழுங்கய்யா, நான் பக்கத்துலயே இருக்கேன்” என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுப்பது, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, புண்ணைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ உண்டா என்று பார்ப்பது என அனைத்தையும் அவர் கையாலேயே செய்ய வைத்தார். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் வைக்கக்கூடாது என்றபோது மட்டும் குரல் கடுமையானது. புண் ஆறிவந்த இன்னொரு விவசாயியையும் அருகில் அமர்த்திப் பேச வைத்தார்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கையைப் பற்றி 1977இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தானே செய்து பார்ப்பதையும் தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பதையும் அதன் ஊற்றுகளாகக் கொண்டார்; இவற்றுள் முன்னதே வலியது என்பது அவர் முடிபு. சுகாதார நிலையத்து மர பெஞ்சில் நடந்ததும் அதுவே. மாத்திரை விநியோகத்தில் உள்ள ஒழுங்கு இந்தப் பயிற்சிக்கு இல்லை என்பதே என் குறை. ஒரு செவிலியரின் பொறுமையை நம்பியே அது நடக்கிறது.

புண்ணின் மேல் பாரம் விழாதிருக்க எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்குவதற்குத் தஞ்சாவூர் வரை செல்ல வேண்டியிருந்தது. நான் கிளம்பிய வாரத்தில், அதன் வார் சுண்டுவிரலை உராய்வதைக் கண்ணாடியில் கண்டுபிடித்த பெரியப்பா, அதைத் திருத்திவர மறுபடியும் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறினார்.